சத்தம் போடாத சப்பாத்து

கட்டின புருஷன் திடீரென்று தன் காலுறையைத் தானே துவைக்க ஆரம்பித்தால் ஒரு மனைவி என்ன நினைப்பாள்?

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்க, ஜெரால்டின் என்ன நேற்றைக்கா கல்யாணம் செய்துகொண்டாள்? குடித்த கோப்பையைக்கூட எடுத்துக்கொண்டு போய்க் கழுவுமிடத்தில் வைக்காத ஆள் ரோலண்ட். அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச காலமாகக் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சவர்க்காரம் தேய்த்து, தன் காலுறைகளைத் தானே கசக்கிப் பிழிந்து கொடியில் காயப்போடுகிறார். கேட்டால், “உனக்கு எதுக்கு ஜெரி சிரமம்?” என்று கரிசனம் வேறு. அந்தக் கரிசனம்தான் அவளைச் சந்தேகப்பட வைத்தது.

அது மட்டுமா? வீட்டுக்குள் எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிறபோது அவர் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறார். படுக்கும்போதும் கழற்றுவதில்லை. அந்தப் படுக்கையும் இப்போது தனி. மகன் டாரில் பினாங்குக்கு வேலைக்குப் போனதிலிருந்து சும்மா கிடந்த அறைக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குறட்டை விடுகிறாராம், அவள் தூக்கம் கெடுகிறதாம். இத்தனை வருஷம் கெடாத தூக்கம்!

இதெல்லாம் போதாதென்று போன வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. பசியாறிக்கொண்டிருந்த நேரம். மேசைமேல் இருந்த ரோலண்டின் கைப்பேசி அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அபிகெயில் எட்டிப் பார்த்தாள். ‘ஐலீன்’ என்று இருந்தது. ரோலண்ட் பாதி தோசையை அப்படியே விட்டுவிட்டு, வாசல் கேட் வரைக்கும் போய் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வந்தார்.

“யாரு டாடி?”

“சைக்கிள் கூட்டாளி லா.”

அபிகெயில் விடுகிற பெண்ணா? அவர்கள் ஊரான உலு திராமின் சைக்கிள் கூட்டத்தில் ஐலீன் என்று யாருமே இல்லை என்பதை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் விசாரித்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

இந்தச் சனிக்கிழமையும் ரோலண்ட் விடியும் முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பாதி ஆயுளை விட்டவர். தினமும் எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு மோட்டார் சைக்கிளாக நின்று நின்று அலுத்து, போன வருஷம் ஓய்வு பெற்றதும், “இனிமே நான் மிதிச்சாத்தான் வண்டி போகணும்” என்று ஒரு சைக்கிளை வாங்கினார். உடம்புக்கு நல்லது, சர்க்கரை குறையும் என்று ஜெரால்டினும் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் அவளுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

“எது வரைக்கும் போறாராம்?” கோப்பியை ஆற்றிக்கொண்டே அபிகெயில் கேட்டாள்.

“கோத்தா திங்கி வரைக்குமாம். முழுக்கத் தார் ரோடாம்.”

“மம்மி, போன சனிக்கிழமையும் அதத்தான் சொன்னாங்க. சைக்கிள் டயர நீங்க பார்த்தீங்களா? பூரா செம்மண்ணு.”

“பார்க்காம இருப்பேனா?”

“வந்ததும் நேரடியா கேட்டுடலாம்.”

“கேட்டா? என் தலையில நல்லா மொளகா அரைச்சிட்டுப் போயிடுவாரு. கையில ஏதாவது ஆதாரம் வேணும்டி.”

அபிகெயில் எழுந்து போய் ஸ்டோர் அறையிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சைக்கிள் பெடல் வந்த பெட்டி. மூலையில் ஹேமநாதன் சைக்கிள் கடை முத்திரை.

“புது சப்பாத்து, புது பெடல். ரெண்டு வாரம்தான் ஆச்சு. ஹேமா அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பார்ப்போமா?”

*

ஹேமநாதனுக்கு வாய் கொஞ்சம் நீளம். வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். இன்றைக்கு ஜெரால்டினுக்கு வேண்டியதும் அதுதான்.

“வாங்கக்கா! அதிசயமா இருக்கு, கடைப்பக்கம் வந்திருக்கீங்க.”

“அவருக்குப் பொறந்த நாள் வருது, ஹேமா. சைக்கிளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்னு பார்த்தேன்.” பிறந்த நாளுக்கு இன்னும் அரை வருஷம் இருந்தது. பொய் சொல்ல அவளுக்கும் வரும்.

“பெடலும் சப்பாத்தும் இப்பத்தானே எடுத்தாரு! நல்ல சாமான்.”

“ஆமா, பார்த்தேன். அதென்ன பெடல் அது? கால் வைக்கவே இடமில்ல.”

கேட்டதுதான் தாமதம், ஹேமநாதன் இரண்டு சப்பாத்துகளை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“சும்மா கால் வைக்கிற பெடல் இல்லக்கா, இது மாட்டுற பெடல். சப்பாத்துக்கு அடியில ஒரு கிளிப் இருக்கும். மிதிச்சா பெடல்ல போய் டப்புன்னு பூட்டிக்கும். குதிகாலத் திருப்பினா கழண்டுடும். இதுல ரெண்டு ஜாதி. இதோ, மூணு ஸ்க்ரூ வச்சது, ரோட்டு சைக்கிளுக்கு. அகலமா இருக்கும், மிதிக்கிற பலம் பூராவும் பெடலுக்குப் போகும். ஆனா இறங்கி நடந்தா வாத்து மாதிரிதான் நடக்கணும். டைல்ஸ் தரையில டக்கு டக்குன்னு ஊருக்கே கேட்கும்.”

“இது?”

“இது ரெண்டு ஸ்க்ரூ, மலை சைக்கிளுக்கு. சின்ன இரும்பு. சப்பாத்துப் பல்லுக்கு நடுவுல பதுங்கிக்கும், தரையில படாது. ஜம்முனு நடக்கலாம். சேறு ஒட்டினாலும் ஒரு தட்டு தட்டினா விழுந்துடும்.”

“தார் ரோட்டுலயே போறவருக்கு நீ எதக் கொடுப்ப?”

“தார் மட்டும்னா முதல்ல காட்டினது.”

“அவரு எத எடுத்தாரு?”

“ரெண்டாவது. அவருக்கு அதுதான் சரி. பாதி தார், பாதி செம்பனைத் தோட்டத்து மண் ரோடு. அப்புறம் இறங்கி ஒரு கட்டடத்துக்குள்ள நடந்து போகணும், டைல்ஸ் தரை, சத்தம் வரக்கூடாதுன்னாரு.”

ஜெரால்டின் அந்தச் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“சத்தம் வரக்கூடாதுன்னா சொன்னாரு?”

“அதுதான் முக்கியம்னாரு. நான்கூட, என்னண்ணே யாரு வீட்டுக்காவது திருடப் போறீங்களான்னு சிரிச்சேன்.” சொல்லிவிட்டுத்தான் ஹேமநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“எந்தப் பக்கம் போறாராம்?” அபிகெயில் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“பண்டார் தெங்காரா பக்கம்னு சொன்ன மாதிரி…” அவர் தலையைச் சொறிந்தார். “நான் சரியாக் கேட்கல தங்கச்சி.”

வீட்டில் கோத்தா திங்கி. கடையில் பண்டார் தெங்காரா. வீட்டில் தார் ரோடு. கடையில் தோட்டத்து மண் ரோடு. ஒரே வாய் இரண்டு ஊர் சொல்கிறதென்றால் அந்த வாயை எப்படி நம்புவது?

“வேற என்ன சொன்னாரு ஹேமா? சும்மா சொல்லு. நான் என்ன அவரச் சிலுவையிலயா அறையப் போறேன்?”

“வேற என்னக்கா… கொஞ்சம் விசித்திரமாத்தான் இருந்துச்சு. ஒரு பக்கம் தட்டையும் ஒரு பக்கம் கிளிப்பும் வச்ச பெடல் இருக்கு. சாதா செருப்புப் போட்டும் மிதிக்கலாம். அதக் காட்டினேன், வேணாம்னுட்டாரு. ‘தட்டைப் பக்கம் வந்துட்டா எனக்குத் தெரியாதே’ன்னாரு. புதுசா பழகுறவங்க எல்லாம் சுலபமா கழண்டு வரட்டும்னு ரெண்டு பக்கமும் லூசா வைக்கச் சொல்வாங்க. இவரு வலது லூசு, இடது நல்லா இறுக்கம்னாரு. விழுவீங்கண்ணேன்னேன். கேட்டாத்தானே?”

“மாட்டிக் கொடுத்தது நீதானே?”

“பெடல் மட்டும்தான். சப்பாத்துல கிளிப் மாட்டணும்னா காலப் பார்த்து அளவெடுக்கணும். காலுறையக் கழட்டுங்கண்ணேன்னேன். அவ்வளவுதான், ஆளு எழுந்துட்டாரு. நானே வீட்ல மாட்டிக்கிறேன்னு கிளிப்பையும் ஸ்க்ரூவையும் பொட்டலமாக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு.”

கடையை விட்டு வெளியே வந்து காரில் ஏறினார்கள். அபிகெயில் இஞ்சினை முடுக்கவில்லை.

“ஐலீன் வீட்ல டைல்ஸ் போல” என்றாள்.

ஜெரால்டின் மடியில் இருந்த கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞாயிறு பூசைக்கு இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கிறவள் கேட்டால் என்ன சொல்வது? அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இந்த மனிதர் இல்லாமல் தனக்கு என்ன தெரியும் என்ற நினைப்புதான் அவளைக் கலக்கியது. பெட்ரோல் போடக்கூட அவள் தனியாகப் போனதில்லை.

“மம்மி, பண்டார் தெங்காராவுக்கே போயிடலாமா? சைக்கிள் எந்த வாசல்ல நிக்குதுன்னு பார்த்துடலாம்.”

“போயி? அவ வாசல்ல நின்னு நான் கத்தணுமா? வேணாம். அவரே வரட்டும். வீட்டுக்கு விடு.”

வீட்டுக்கு வந்ததும் ஜெரால்டின் நேராக டாரிலின் அறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள். ரோலண்டின் சட்டைகள், காற்சட்டைகள், பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் திணித்தாள். மடிக்கவில்லை. திணித்தாள். பையை இழுத்துக்கொண்டு போய் வாசலில், கார் நிறுத்துமிடத்தில், நட்டநடுவில் வைத்தாள்.

“மம்மி, முதல்ல ஒரு வார்த்த கேளுங்க…”

“கேட்பேன். ஒரே ஒரு வார்த்த கேட்பேன். பொய் சொன்னாருன்னா, பைய எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்கே போகட்டும். அங்கதான் சத்தமில்லாம நடக்கப் பழகிட்டாரே!”

*

ரோலண்ட் வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

தெரு முனையில் அவர் மஞ்சள் சட்டை தெரிந்ததுமே ஜெரால்டின் வாசலுக்கு வந்து நின்றாள். சைக்கிள் சக்கரத்தில் செம்மண். கணுக்கால் வரைக்கும் செம்மண். தார் ரோடாம்!

கேட்டுக்குள் திரும்பியவர் பையைப் பார்த்தார். பையின் வாயிலிருந்து வெள்ளைச் சட்டையின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நின்றது. இடது பக்கம் சாய்ந்தது. இடது காலை ஊன்ற வேண்டியதுதானே? அந்தக் கால் பெடலோடு பூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவர் அதை இழுத்தார். திருப்பவில்லை, இழுத்தார். அடுத்த நொடி சைக்கிளும் அவருமாகக் காகிதப்பூத் தொட்டிமேல் சரிந்தார்கள்.

“அலமாக்! என்சிக் ரோலண்ட்!” பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், எல்லாருக்கும் ‘மக்சிக்’, வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஒண்ணுமில்ல மக்சிக், தாக் அப்பா” என்று இரண்டு மொழியிலும் சொல்லி, கீழே கிடந்தபடியே ரோலண்ட் கையை ஆட்டினார். மக்சிக்கின் தலை மெதுவாக மறைந்தது.

அபிகெயில் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்தாள். ஜெரால்டின் நகரவில்லை.

“எங்க போயிருந்தீங்க?”

“முதல்ல தூக்கி விடு ஜெரி.”

“எங்க போயிருந்தீங்க?”

“கோத்தா திங்கிக்குத்தான். சொல்லிட்டுத்தானே போனேன்?”

அந்த ஒரு வார்த்தையும் பொய்யாகப் போயிற்று. ஜெரால்டின் தனக்கே தெரியாத வேகத்தில் போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“கோத்தா திங்கி ரோட்டுல செம்மண்ணு கொட்டியிருக்காங்களா? டைல்ஸ் போட்டிருக்காங்களா? சத்தம் வராத சப்பாத்து எதுக்கு உங்களுக்கு? யாரு தூக்கம் கலைஞ்சிடும்?”

ரோலண்டின் முகம் வெளுத்தது. “ஹேமநாதன்கிட்ட போனியா?”

“போனேன். இன்னும் எங்கெல்லாம் போகணுமோ போவேன்.”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இடது சப்பாத்து இன்னும் பெடலிலேயே பூட்டியிருந்தது. ஜெரால்டின் குதிகாலைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினாள். டக் என்று கழன்றது. கழன்ற காலை அவர் அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த அவசரம் அவள் கண்ணில் பட்டது. கடையில் காலுறையைக் கழற்றச் சொன்னதும் எழுந்து ஓடிய ஆள். குளியலறையில் தாழ் போட்டுக் காலுறை துவைக்கிற ஆள்.

“கழட்டுங்க சப்பாத்த.”

“அது எதுக்கு இப்ப?”

“கழட்டுங்கன்னா!”

“ஜெரி, வேணாம். உள்ள போய்க் கழட்டிக்கிறேன். தெருவே பார்க்குது.”

“அப்படி என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க அதுக்குள்ள?”

அவர் பிடிக்க, இவள் இழுக்க, பட்டை பிய்ந்துகொண்டு சப்பாத்து அவள் கையோடு வந்தது. சைக்கிள்காரர்கள் சப்பாத்துக்குள் வீட்டுச் சாவியும் சில்லறையும் வைப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். எந்த வீட்டுச் சாவி என்று பார்த்துவிட வேண்டியதுதான். கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

“ஸ்ஸ்… அம்மா!”

சட்டென்று கையை வெளியே எடுத்தாள். ஆட்காட்டி விரலில் ரத்தம் பொட்டு வைத்திருந்தது.

“என்ன மம்மி?”

“உள்ள ஆணி மாதிரி என்னவோ நீட்டிக்கிட்டு இருக்குடி.”

அபிகெயில் சப்பாத்தை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். கிளிப்பை இறுக்கும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று தேவைக்குமேல் நீளம். கீழிருந்து முடுக்கியது உள்தட்டைத் தாண்டி, மெத்தையையும் துளைத்துக்கொண்டு, முனையை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. மெத்தையில் அதைச் சுற்றி ஒரு கறுத்த கறை. ஓரம் காய்ந்து, நடுவில் இன்னும் ஈரமாக இருந்தது.

“டாடி…” அபிகெயிலின் குரல் இறங்கியது. “இது ஒங்க கால்ல குத்தலையா?”

“எது?”

“இந்த ஸ்க்ரூ.”

“எந்த ஸ்க்ரூ?” ரோலண்ட் நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

ஜெரால்டின் அவருடைய காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. காலுறையின் அடிப்பாகம் பாதத்தோடு ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்தாள். முன்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, அவள் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குழி. இன்றைக்கு உண்டான காயம் இல்லை அது. ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

“ஐயோ, என்னங்க இது? வலிக்கலையா உங்களுக்கு?”

ரோலண்ட் எக்கி எக்கித் தன் பாதத்தைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்க்கிற பார்வை அது.

“இது எப்ப வந்துச்சு?” என்று அவளையே கேட்டார். “காலுறையில இருந்த கறையெல்லாம் செம்மண்ணுன்னுல்ல நினைச்சுத் துவைச்சேன்?”

அப்போது அவர் முதுகுப் பையிலிருந்த கைப்பேசி அடித்தது. அபிகெயில் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஐலீன்.

“ஸ்பீக்கர்ல போடு” என்றாள் ஜெரால்டின்.

“அங்கிள்! என்ன அங்கிள் இது?” ஒரு சின்னப் பெண்ணின் குரல். “இன்னைக்கும் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. கேமராவுல பார்த்து டாக்டர் சத்தம் போடறாரு. போன வாரமும் இப்படித்தான். காலக் காட்டுறதுக்கு ஏன் அங்கிள் பயம்? நாங்க என்ன கடிச்சா தின்னப் போறோம்?”

அபிகெயில் அம்மாவைப் பார்த்தாள்.

“அங்கிள்?”

“நான் அவரோட வீட்டுக்காரி பேசறேன். நீ யாரும்மா?”

“ஆண்ட்டி! அப்பாடா. நான் ஐலீன், பண்டார் தெங்காரா கிளினிக்ல நர்ஸ். ஆண்ட்டிகிட்ட சொல்லுங்க, கூட்டிக்கிட்டு வாங்கன்னு அங்கிள்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டோம். சர்க்கரையால அவருக்கு இடது கால்ல உணர்ச்சி போயிக்கிட்டு இருக்கு. தெரியும்தானே உங்களுக்கு?”

ஜெரால்டின் கணவனைப் பார்த்தாள். ரோலண்ட் தொட்டியிலிருந்து சிதறிய மண்ணைக் கையால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் இரும்மா” என்று கைப்பேசியிடம் சொல்லிவிட்டு, “ஏங்க?” என்றாள்.

“உலு திராம் கிளினிக்குல கவுண்டர்ல யாரு உட்கார்ந்திருக்கா? உன் சித்தி மக. காலையில நான் போனா மத்தியானத்துக்குள்ள சர்ச்சு பூரா தெரிஞ்சிடும். அதான் தோட்டத்து வழியா அங்க போனேன். சாதா பெடல்ல இந்தக் கால் நழுவிடுது, ஜெரி. நழுவுறது தெரிய மாட்டேங்குது. குனிஞ்சு பார்த்தாத்தான் கால் பெடல்ல இருக்கா இல்லையான்னே தெரியும். பூட்டி வச்சா நழுவாதில்ல? அதான் அது.”

“சத்தம் வரக்கூடாதுன்னது?”

“கிளினிக்குல டக்கு டக்குன்னு நடந்தா எல்லாரும் திரும்பிக் காலத்தானே பார்ப்பாங்க.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் யாரு உங்களுக்கு?” ஜெரால்டின் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “ஏதோ ஒருத்திகூட… நான் என்னவெல்லாம் நினைச்சிட்டேன் தெரியுமா? துணியெல்லாம் எடுத்து வெளிய வச்சிட்டேனே, பாவி மனுஷா!”

“சவரி அண்ணனுக்குக் கால எடுத்த அன்னைக்கு நீ ஆஸ்பத்திரி வாசல்ல என்ன சொன்ன?”

சவரி, ரோலண்டின் மூத்த அண்ணன். அதே சர்க்கரை. முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

“என்ன சொன்னேன்?”

“‘அண்ணிக்கு வந்த நிலம எனக்கு வந்துச்சுன்னா நான் தாங்க மாட்டேன், எங்கயாவது ஓடியே போயிடுவேன்’னு சொன்ன.”

ஜெரால்டினுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அழுகையோடு அழுகையாக ஆயிரம் சொல்லியிருப்பாள். அவர் அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து, இத்தனை நாளும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதற்குமேல் ஒரு காலுறையும் போட்டுக்கொண்டு நடமாடியிருக்கிறார். அவளுக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கும் பரிதாபத்துக்கும் அளவில்லை.

“ஆண்ட்டி, இருக்கீங்களா?” கைப்பேசி மறுபடி அழைத்தது. “கால்ல புண்ணு எதுவும் இல்லையே?”

அபிகெயில் விஷயத்தைச் சொன்னாள். ஸ்க்ரூவையும் கறையையும் சொன்னாள். மறுமுனையில் அந்தக் கலகலப்பு ஒரேயடியாக நின்றுபோனது.

“புண்ணத் தொடாதீங்க. சுத்தமான துணி போட்டு மூடுங்க. இங்க வர வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே. டாக்டர் அங்க பேசிடுவாரு. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பார்த்துச் சொல்லுங்க ஆண்ட்டி, டாக்டர் கேட்கிறாரு. அங்கிளக் கண்ண மூடச் சொல்லுங்க. விரல் நுனிய லேசாத் தொடுங்க, அழுத்தக்கூடாது. எந்த விரல்னு அவரே சொல்லணும். முதல்ல வலது கால்.”

அபிகெயில் உள்ளே ஓடிக் கார் சாவியையும் ஒரு வெள்ளைத் துணியையும் கொண்டுவந்தாள். ஜெரால்டின் வலது சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள்.

“கண்ண மூடுங்க.”

“இதெல்லாம் எதுக்கு ஜெரி? போற வழியில…”

“மூடுங்கன்னா மூடுங்க.”

மூடிக்கொண்டார். வலது காலின் பெருவிரலைத் தொட்டாள்.

“பெருவிரல்.”

கடைசி விரலைத் தொட்டாள்.

“சுண்டு விரல். கூசுது, விடு.”

அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இடது காலை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பெருவிரல் நுனியில் தன் விரலை வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விரலைத் தொட்டாள். அதற்கடுத்ததைத் தொட்டாள். சுண்டு விரலைத் தொட்டு, விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

“தொடு ஜெரி. ஏன் சும்மா உட்கார்ந்திருக்க?” என்றார் ரோலண்ட்.

அபிகெயில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெரால்டின் காலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் இருந்தாள்.

அந்த மௌனம் ரொம்ப நீண்டுவிட்டது. ரோலண்டுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். மூடிய கண்ணோடு அவசர அவசரமாகச் சிரித்தார்.

“ஆ! பெருவிரல். இப்ப நல்லாத் தெரியுது. பெருவிரல்தான், சரியா ஜெரி?”

ஜெரால்டினின் இரண்டு கைகளும் அவர் காலைத் தொடாமல் தரையில் கிடந்தன.

“ஆண்ட்டி?” என்றது கைப்பேசி. “என்ன சொன்னாரு?”